மொட்டைமாடியில் ஒரு குட்டி ஆலிவ்: சென்னைக்கு ஏற்ற போன்சாய் வளர்ப்பு

ஆலிவ் மரத்தைச் சென்னையில் வளர்ப்பதா என்று தயங்குபவர்கள் எல்லோரும் வெயிலைத்தான் காரணம் காட்டுவார்கள். ஆலிவ் வெயிலுக்கு அஞ்சுகிற மரம் இல்லை. இங்கே அது சாவது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் வேர் அழுகித்தான். செத்த செய்தி நமக்குத் தெரியவருவது தை மாதத்தில், இலை கொட்டிய பிறகு. அதற்குள் "வெயில் தாங்கவில்லை போல" என்று பழியை வெயில்மேல் போட்டுவிடுகிறோம்.

அதன் சொந்த மண்ணான மத்தியதரைக் கடல் ஓரத்திலும் மழை குளிர்காலத்தில்தான் பெய்யும். ஆனால் அங்கே அப்போது நல்ல குளிர். மரம் அடங்கியிருக்கும், மண்ணில் உள்ள பூஞ்சையும் அடங்கியிருக்கும். நம் நவம்பர் மழையிலோ தொட்டி மண் வெதுவெதுப்பாக ஊறிக் கிடக்கும். வேரழுகல் பூஞ்சைக்கு அதைவிட வசதியான இடம் கிடைக்காது. எனவே என்ன மண், எந்தத் தொட்டி, எந்த மாதத்தில் எந்த வேலை என்பதையெல்லாம் "மழையில் இது எப்படி நிற்கும்?" என்ற ஒரே கேள்வியை வைத்து முடிவுசெய்யுங்கள்.

முன்கூட்டியே ஒன்று: காய்க்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆலிவ் பூக்க வேண்டுமானால் சில வாரங்களாவது நல்ல குளிர் வேண்டும். ஜனவரி இரவிலும் சராசரியாக 20 டிகிரிக்குக் கீழே இறங்காத ஊர் இது. வெள்ளிச் சாயல் இலையும் முறுக்கிய அடிமரமும் போதும் என்பவர்களுக்கான செடி.

வாங்கும்போது

நர்சரியில் "ஆலிவ்" என்று கேட்டால் மூன்று வெவ்வேறு செடிகளை எடுத்துக் காட்டுவார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் பூந்தமல்லிப் பக்கத்திலும் "பிளாக் ஆலிவ்" என்ற பெயரில் கிடைப்பது ஆலிவே இல்லை. நாட்டுப் பாதாம், மருது மரங்களின் இனத்தைச் சேர்ந்த ஓர் அழகு மரம். கிளைகள் அடுக்கடுக்காகக் குடைபோல விரியும், இலைகள் கிளை நுனியில் கொத்தாக நிற்கும். அதிலும் நல்ல போன்சாய் செய்யலாம், சென்னை மழையையும் தாங்கும், ஆனால் அது வேறு மரம். "இந்தியன் ஆலிவ்" என்று வருவது ஊறுகாய் போடுகிற வெரலிக்காய் வகை. அதுவும் உறவில்லை.

உண்மையான ஆலிவ், வேதாகமத் தமிழில் ஒலிவ மரம், நம் மல்லிகைக் குடும்பம். அடையாளம் இரண்டுதான். இலைகள் கணுவுக்கு இரண்டாக, நேருக்கு நேர் நிற்க வேண்டும். இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் விபூதி தடவியது போல வெளுத்திருக்க வேண்டும். தொட்டால் தடித்த, விறைப்பான இலை. இரண்டில் ஒன்று குறைந்தாலும் வாங்காதீர்கள்.

கடையில் பாட்டிலில் வரும் ஆலிவ் காயின் கொட்டையைப் புதைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. உப்பிலும் காஸ்டிக் சோடாக் கரைசலிலும் ஊறிய கொட்டை முளைக்காது. நல்ல விதையில் முளைத்தாலும் தண்டு பருக்கப் பல ஆண்டுகள் ஆகும். தண்டுத்துண்டு வேர்விட்டு வளர்ந்த கன்றே நல்லது. ரகம் தெரிந்து கேட்க முடிந்தால் ஆர்பெக்கினா அல்லது கொரோனைகி கேளுங்கள். இரண்டிலும் இலை சிறியது. சின்ன மரத்துக்கு இலை சிறிதாக இருப்பதே பாதி அழகு. ராஜஸ்தானில் 2008 வாக்கில் இஸ்ரேலியத் தொழில்நுட்பத்தோடு ஆலிவ் தோட்டங்கள் போட்டபோது நட்ட ரகங்களில் இவையும் அடக்கம். ஆகவே நம் நாட்டில் கிடைக்காத பொருள் அல்ல.

கன்று உயரமாக இருப்பதில் பயன் இல்லை. மேல்மண்ணை விரலால் இரண்டு சென்டிமீட்டர் கிளறிப் பாருங்கள். தண்டின் அடி ஒரு பென்சில் பருமனாவது இருக்க வேண்டும், அடியிலிருந்து வேர்கள் இரண்டு மூன்று திசைக்காவது போக வேண்டும். ஒரே பக்கமாக வளைந்த ஒற்றை வேர் என்றால் அடுத்த கன்றைப் பாருங்கள். தாழ்வாகக் கிளை உள்ள கன்று கிடைத்தால் விடாதீர்கள். கூரியரில் வரவழைத்த செடியை வந்த அன்றே தொட்டி மாற்றக் கூடாது. காலை வெயில் மட்டும் படும் இடத்தில் பதினைந்து நாள் இருக்கட்டும். சில இலைகள் கொட்டுவது இயல்பு.

மண் கலவை

நர்சரிப் பையில் இருப்பது பெரும்பாலும் ஒட்டுகிற செம்மண். கோடையில் செங்கல்லாக இறுகும், மழையில் களியாகும். ஆலிவுக்கு இரண்டுமே ஆகாது. இறக்குமதி போன்சாய் மண் வாங்கினால் நல்லதுதான், ஆனால் தேவையில்லை. உள்ளூர்ப் பொருளிலேயே செய்யலாம். அளவெல்லாம் கன அளவில், அதாவது ஒரே டப்பாவால் அளந்தது:

செங்கல் துண்டு 5 பங்கு, பருமணல் 3 பங்கு, நன்கு மட்கிய இலைமட்கு அல்லது மண்புழு உரம் 2 பங்கு.

மழை அப்படியே கொட்டுகிற திறந்த மாடி என்றால் மட்கை ஒரு பங்காகக் குறைத்து, செங்கல்லை ஆறாக்குங்கள். தென்னைநார்க் கழிவு வேண்டாம். மாடித்தோட்டக் கத்தரிக்கும் வெண்டைக்கும் அது வரம். ஆலிவ் வேருக்கு நவம்பரில் அது ஈரத் துணி.

செங்கல்லை உடைத்து ஐந்து மில்லிமீட்டர் கண் உள்ள சல்லடையில் ஒருமுறை, கொசுவலையில் ஒருமுறை சலியுங்கள். முதல் சல்லடையில் நின்றதைத் திரும்ப உடைக்கலாம். கொசுவலையைத் தாண்டி விழுந்த தூளைத் தூக்கி எறியுங்கள். பலர் சலிக்கச் சோம்பல்பட்டு தூளோடு கலந்துவிடுகிறார்கள். அந்தத் தூள்தான் ஆறு மாதத்தில் அடியில் படிந்து வடிகாலை அடைப்பது. செங்கல்லும் நன்றாக வெந்ததாக இருக்க வேண்டும். ஒரு துண்டை இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டு, காலையில் விரலிடுக்கில் நசுக்குங்கள். நசுங்கினால் அது மண்ணாகத்தான் மாறப்போகிறது.

மணலுக்கு, ஆற்று மணலைச் சலித்தால் மேலே தங்குமே, அந்தக் குறுமணல். பூச்சு வேலைக்கு வரும் நைசு மணல் கூடாது. கடற்கரை மணல் கூடவே கூடாது. ஆலிவ் சற்றே சுண்ணாம்புத்தன்மையுள்ள மண்ணை விரும்பும். ஐந்து லிட்டர் கலவைக்குப் பொடித்த முட்டை ஓடு இரண்டு கைப்பிடி சேர்த்தால் போதும். ஆழ்குழாய் நீர் ஊற்றுகிற வீட்டில் அதுவும் தேவைப்படாது, தண்ணீரிலேயே சுண்ணாம்பு வந்துவிடும்.

கலவை சரியா என்று பார்க்க, தொட்டியில் நிரப்பி ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுங்கள். மேலே குளம் கட்டாமல் பத்து விநாடிக்குள் உள்ளே இறங்கி, அடித்துளையில் கொட்ட வேண்டும்.

தை, மாசி: வேர் வேலை

பொங்கல் முடிந்து பிப்ரவரி கடைசி வரை உள்ள ஆறு வாரம்தான் வேரில் கைவைக்கும் காலம். மழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. தவறவிட்டால் அடுத்த தைக்குக் காத்திருங்கள். சித்திரையில் வேரை வெட்டிய செடி பிழைத்தால் அது உங்கள் அதிர்ஷ்டம்.

முதல் ஆண்டிலேயே தட்டையான போன்சாய்த் தட்டில் வைக்காதீர்கள். தட்டில் வைத்த அன்றே தண்டு பருப்பது ஏறக்குறைய நின்றுவிடும். பத்து முதல் பன்னிரண்டு அங்குல அகலமும் ஆறு அங்குல ஆழமும் உள்ள சுட்ட மண்தொட்டி எடுங்கள். மண்தொட்டி மூச்சுவிடும், சுவர் வழியே ஈரம் ஆவியாகி வேரைக் குளிர்ச்சியாக வைக்கும். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி மே மாத மாடியில் தோசைக்கல்தான். அடித்துளைகள் சுண்டுவிரல் நுழையும் அளவில் மூன்றாவது இருக்கட்டும். துளைகளின்மேல் நைலான் வலைத் துண்டு வைத்துக் கம்பியால் கட்டுங்கள்.

பையைக் கிழித்து, வேர்ப்பந்தின் அடிப்பாதிச் செம்மண்ணைக் குச்சியால் நெகிழ்த்தித் தண்ணீரில் கழுவுங்கள். மேல்பாதி மண் அடுத்த முறைக்கு. ஆலிவ் கடுமையான வேர்வெட்டையும் தாங்கும் என்பது உண்மை. ஆனால் நம் ஊரில் ஏப்ரலில் வெயில் 35 டிகிரியைத் தொடும், அதற்குள் வேர் பிடித்திருக்க வேண்டும். அதனால் மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நேர்கீழே போகும் தடித்த வேரை வெட்டுங்கள், பக்கவாட்டு வேர்களையும் சல்லிவேர்களையும் காப்பாற்றுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆலிவில் ஒரு வேருக்கும் அதன் நேர்மேலே உள்ள கிளைக்கும் நெருங்கிய உறவு உண்டு. வயதான செடியில் ஒரு பெரிய வேரை முழுதாக வெட்டினால், அந்தப் பக்கத்துப் பட்டை நெடுகக் காய்ந்து, மேலே உள்ள கிளையும் போகலாம். முக்கியமான கிளை எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு வெட்டுங்கள்.

வேர்ப்பந்துக்கு அடியில் உள்ளங்கை அளவு டைல்ஸ் துண்டு ஒன்றை வைத்து, அதன்மேல் வேர்களை வெயில் கதிர்போலப் பரப்பி நடுங்கள். கீழே போக வழியில்லாமல் வேர் பக்கவாட்டில் ஓடும். பின்னாளில் தட்டில் வைக்கும்போது அதுதான் அடிமரத்தின் பிடிப்பாகத் தெரியும். செடி ஆடாமல் இருக்கத் துளை வழியே கம்பி செலுத்தி வேர்ப்பந்தைத் தொட்டியோடு கட்டுங்கள். ஆடுகிற செடியில் புதிய வேர்முனை தினமும் ஒடியும். நட்ட பின் இரண்டு மூன்று வாரம் அரைநிழல், காற்று மோதாத இடம். ஐந்து வாரத்துக்கு உரம் இல்லை.

அடிமரம் பருக்க

இருபது, இருபத்தைந்து சென்டிமீட்டர் உயர மரத்துக்கு அடிமரம் மூன்றரை, நான்கு சென்டிமீட்டர் தடிமன் இருந்தால்தான் கிழமரம் போலத் தோன்றும். ஆறுக்கு ஒன்று என்ற கணக்கு. பென்சில் தண்டு அந்தத் தடிமனுக்கு வர ஒரே வழி, வளரவிடுவது. முதல் இரண்டு ஆண்டு செடி ஒரு மீட்டர் தாண்டிக் காடாக வளரட்டும். பார்க்க அசிங்கமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அவ்வப்போது நுனி கிள்ளி "அழகாக" வைத்திருப்பவர்களின் செடி ஐந்தாம் ஆண்டிலும் பென்சிலாகவே நிற்கும்.

அடியில் தாழ்வாக உள்ள ஒரு கிளையைத் தொடாமல் ஓடவிடுங்கள். இதைப் பலிகிளை என்று வைத்துக்கொள்ளலாம். அது நீள நீள, அதற்குக் கீழே உள்ள தண்டு பருக்கும். வேலை முடிந்ததும் அதை வெட்டிவிடுவோம் என்பதால் முன்பக்கத்தில் வேண்டாம். பின்பக்கக் கிளையே பலிகிளையாகட்டும், தழும்பு கண்ணில் படாது.

அடி இரண்டரை சென்டிமீட்டர் வந்ததும், மூன்றாவது தை மாதத்தில், தண்டை ஏழெட்டு சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டுங்கள். கூரான ரம்பம், நேர்வெட்டு. சாய்வாக வெட்டச் சொல்லும் குறிப்புகள் உண்டு. ஆனால் துளிர் எங்கே வரும் என்று தெரியுமுன் சாய்த்து வெட்டினால், நல்ல துளிர் உயரமான பக்கத்துக்கு எதிரே வந்து தொலைக்கும். முதலில் நேராக வெட்டி, தலைமைத் துளிர் உறுதியான பிறகு, அதை நோக்கிச் சாய்த்துச் செதுக்குங்கள். வெட்டுவாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது) அல்லது மரவேலைக்கான வெள்ளைப் பசை தடவுங்கள்.

மொட்டைக் கட்டையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆலிவ் பழைய மரத்திலிருந்தே துளிர்க்கும் சாதி. மூன்று முதல் ஆறு வாரத்தில் பட்டையைப் பிளந்துகொண்டு கடுகு அளவில் பச்சை முட்டும். அப்போது தண்ணீரைக் குறையுங்கள்: இலையே இல்லாத மரம் குடிப்பதும் குறைவு. வெட்டிய பிறகு பரிதாபப்பட்டு வழக்கம்போல ஊற்றித்தான் பலர் கட்டையை அழுகவைக்கிறார்கள். துளிர்கள் பத்து சென்டிமீட்டர் ஆனதும் மேலே ஒன்று, பக்கங்களுக்கு மூன்று நான்கு மட்டும் நிறுத்தி மற்றவற்றைத் தேய்த்து எடுங்கள். மேல்துளிர் அடுத்த ஓராண்டு ஓடி, அதை நான்கைந்து சென்டிமீட்டரில் மறுபடி வெட்டினால், அடி தடித்து நுனி சிறுத்த தண்டு கிடைக்கும்.

கவாத்து

ஆலிவில் இலை ஜோடியாக வருவதால் கிளையும் ஜோடியாக வரும். ஒரே கணுவில் இடமும் வலமும் இரண்டு கிளை நின்றால் சைக்கிள் ஹேண்டில்பார் போலத் தெரியும், அந்த இடத்தில் தண்டும் முண்டுகட்டும். ஒவ்வொரு கணுவிலும் ஒன்றை எடுத்துவிடுங்கள்: கீழே இடம், அடுத்ததில் வலம், அதற்கு மேலே பின்பக்கம்.

சிறு கிளைகளில், புதுத் தளிர் ஆறேழு ஜோடி இலை விட்ட பிறகு இரண்டு ஜோடிக்குக் குறையுங்கள். வெட்டிய இடத்துக்குக் கீழே இரண்டு கண்ணும் துளிர்த்துக் கவட்டையாகும். மேல்நோக்கிய கண்ணை முன்பே கிள்ளிவிட்டால் கிளை நீங்கள் சொன்ன பக்கம் போகும். வெட்டும்போது கணுவை ஒட்டி வெட்டாதீர்கள். சென்னை வெயிலில் வெட்டுவாய் கீழ்நோக்கிச் சற்றே காயும், கண்ணும் சேர்ந்து போகும். ஐந்து மில்லிமீட்டர் விட்டு வெட்டி, காய்ந்த முனையைப் பிறகு சீராக்குங்கள்.

வேரடியிலிருந்து வரும் போத்துகளைக் கண்டவுடன் நீக்குங்கள். விட்டால் மரத்தின் பலமெல்லாம் அவற்றுக்குப் போகும்.

உருவம் எப்படி இருக்க வேண்டும்? பைன் மரம்போல அடுக்கடுக்கான தட்டுகள் ஆலிவுக்குப் பொருந்தாது. கிரேக்கத்தின் கிரீட் தீவில் வூவேஸ் ஊரில் நிற்கும், இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது என்று மதிப்பிடப்படும் ஆலிவின் படத்தைத் தேடிப் பாருங்கள். குட்டையான, உருகி வழிந்தது போன்ற அடிமரம், அதன்மேல் ஒழுங்கற்ற உருண்டைத் தலை. நம் கிராமத்துப் புளியமரத்தின் தலைக்கட்டும் ஏறக்குறைய அதுதான்.

கம்பி கட்டுதல்

அலுமினிய போன்சாய்க் கம்பி 1, 1.5, 2, 3 மில்லிமீட்டரில் கொஞ்சம் கொஞ்சம் இருந்தால் போதும். கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு கம்பி. ஆறு மில்லிமீட்டர் கிளைக்கு 2 மில்லிமீட்டர். கட்டிட வேலைக் கட்டுக்கம்பி விறைப்பு, துரு வேறு, பட்டையைக் கிழிக்கும்.

கம்பியின் ஒரு முனையைத் தண்டில் ஒன்றரைச் சுற்று சுற்றி நிலைநிறுத்தி, கிளையில் 45 டிகிரிச் சாய்வில் சுற்றிக்கொண்டே போங்கள். கம்பி பட்டையைத் தொட வேண்டும், நெரிக்கக் கூடாது. வளைக்கும்போது இரண்டு கட்டைவிரலும் வளைவின் உள்பக்கம், மற்ற விரல்கள் வெளிப்பக்கம். வெளிவளைவில்தான் நார் பிரியும். அங்கே ஒரு கம்பிச்சுற்று கட்டாயம் இருக்க வேண்டும். ஓராண்டுக் கிளை சொன்னபடி வளையும். மூன்று வயதானது "நறுக்" என்று கவட்டையிலேயே பிளந்து கையோடு வரும். ஆலிவின் பலவீனம் கிளையின் நடுப்பகுதி அல்ல, அது தண்டோடு சேரும் கவட்டை.

அதற்குக் கைவசமே மருந்து உண்டு. பூக்காரம்மா பூக்கட்டும் வாழைநாரை அரைமணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு, கவட்டையிலிருந்து வளைவு முடியும் வரை இடைவெளி இல்லாமல் இறுக்கிச் சுற்றுங்கள். அதன்மேல் கம்பி. நார் காயக் காய இறுகிப் பட்டையைப் பிடித்துக்கொள்ளும். ஒரே நாளில் முழு வளைவும் வேண்டாம். இன்று பாதி, பத்து நாள் கழித்து மீதி. பிளந்துவிட்டால், பசை தடவி, சேர்த்து வைத்து, அதே நாரால் கட்டுங்கள். பாதிக்குமேல் ஒட்டியிருந்தால் பிழைக்கும்.

சுண்டுவிரலைவிடத் தடித்த கிளையைக் கம்பி சுற்றி வளைக்க முயல வேண்டாம். ரப்பர் துண்டு வைத்து, கிளையிலிருந்து தொட்டி விளிம்புக்குக் கம்பி இழுத்துக் கட்டி, வாரம் ஒரு முறுக்கு கொடுங்கள்.

குளிர்நாட்டுக் குறிப்புகளில் கம்பி ஆறு மாதம் இருக்கட்டும் என்று படித்திருப்பீர்கள். இங்கே செடி ஏறக்குறைய ஆண்டு முழுவதும் வளர்வதால் ஆறு முதல் எட்டு வாரத்தில் கம்பி பட்டைக்குள் புதையும். மூன்றாவது வாரத்திலிருந்தே பாருங்கள். எடுக்கும்போது சுற்றை அவிழ்க்காதீர்கள், துண்டு துண்டாக வெட்டி எடுங்கள்.

வெயில், தண்ணீர், உரம்

தினம் ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். ஏசி அறையிலும் வரவேற்பறை மேசையிலும் ஆலிவ் வாழாது. நான்கு மாதம் இலை வைத்திருப்பதைப் பார்த்து வாழ்கிறது என்று நம்பவேண்டாம். நிழலில் கணுவிடை நீளும், இலை பெரிதாகும், உருவம் கலையும். அக்னி நட்சத்திரத்தையும் இலை தாங்கிவிடும். தாங்காதது தொட்டிக்குள் இருக்கும் வேர். மாடித்தரையில் நேராக வைக்காமல் இரண்டு செங்கல்மேல் பலகை போட்டு வைத்து, ஏப்ரல் முதல் ஜூன் வரை பகல் 11 முதல் 4 வரை 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். தொட்டியின் வெளிப்புறம் சுண்ணாம்பு அடித்தால் சூடு இன்னும் குறையும்.

தண்ணீருக்கு அட்டவணை போடாதீர்கள். எரிந்து முடிந்த ஊதுவத்தியின் குச்சியை மூன்று சென்டிமீட்டர் ஆழம் செருகி, ஐந்து நிமிடம் கழித்து எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்று வேண்டாம். காய்ந்திருந்தால் அடித்துளையில் ஒழுகும் வரை ஊற்றுங்கள். தொட்டும் தொடாமலும் தெளிப்பது மேல்வேரை மட்டும் வளர்க்கும். கோடையில் சிறு தொட்டிக்குக் காலை ஆறரைக்கு ஒருமுறை, மாலை ஒருமுறை தேவைப்படலாம்.

ஆழ்குழாய் நீரில் தொட்டி விளிம்பில் வெள்ளைப் படலம் கட்டும். ஆலிவ் ஓரளவு உப்பைத் தாங்கும். இருந்தாலும் மாதம் ஒருமுறை மழைநீரையோ ஏசியிலிருந்து சொட்டும் நீரையோ தொட்டியளவுக்கு மூன்று மடங்கு ஊற்றி உப்பை அலசிவிடுங்கள். ஆர்ஓ இயந்திரம் கழிக்கிற தண்ணீர் மட்டும் வேண்டாம், அதில் உப்பு செறிந்திருக்கும். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறை. கடின நீரால் வருவது. சீலேட்டட் இரும்பு, அதாவது செடி எளிதில் உறிஞ்சும் வடிவில் உள்ள இரும்பு உரம், லிட்டருக்கு அரை கிராம் கலந்து மாலையில் தெளியுங்கள்.

உரத்தில் பெரிய நுணுக்கம் இல்லை. மார்ச் முதல் செப்டம்பர் வரை 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள, நீரில் கரையும் உரம்) லிட்டருக்கு ஒரு கிராம், பதினைந்து நாளுக்கு ஒருமுறை. இயற்கை உரம்தான் வேண்டும் என்றால் 50 கிராம் கடலைப்புண்ணாக்கை ஒரு லிட்டரில் மூன்று நாள் ஊறவைத்துத் தெளிவை எடுத்து, பத்து மடங்கு நீர் கலந்து விடுங்கள். புண்ணாக்கைக் கட்டியாக மண்மேல் போட்டால் எலி வந்து தொட்டியையே தோண்டிவிடும்.

ஐப்பசி முதல் மார்கழி வரை

"ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை" என்ற சொலவடைதான் இந்தச் செடியின் நாட்காட்டி. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் இந்த மூன்று மாதத்தில் கொட்டுகிறது. செப்டம்பர் கடைசியில் அடித்துளைகளைக் குச்சியால் குத்தி அடைப்பு எடுங்கள், உள்கிளைகளைக் கொஞ்சம் மெலிதாக்கிக் காற்றுக்கு வழிவிடுங்கள். உரத்தை நிறுத்துங்கள். சன்ஷேடுக்கு அடியில் வெளிச்சம் வரும் இடம் இருந்தால் அங்கே நகர்த்துங்கள். இடமில்லையென்றால் தொட்டியின் ஒரு பக்கத்துக்குக் கீழே கட்டைத்துண்டு வைத்துச் சாய்த்து விடுங்கள். தட்டையான தொட்டியின் அடியில் தேங்கும் நீர் ஓரத்துத் துளை வழியே இறங்கிவிடும். செலவில்லாத இந்த வேலை எந்தப் பூஞ்சைமருந்தைவிடவும் உதவும். தொட்டிக்கு அடியில் தண்ணீர்த் தட்டு வைத்திருந்தால் எடுத்து உள்ளே போடுங்கள்.

தொடர்ந்து மூன்று நாள் மழை பெய்து விட்டால், காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு இரண்டரை கிராம் கலந்து வேரில் ஒருமுறை ஊற்றலாம். புயல் எச்சரிக்கை வந்தால் தொட்டிகளைத் தரையில், கைப்பிடிச்சுவர் ஓரமாக இறக்குங்கள். 2016 டிசம்பரில் வர்தா வந்தபோது சாலையோரப் பெருமரங்களே சாய்ந்தன. பலகைமேல் நிற்கும் இரண்டு கிலோ தொட்டி எம்மாத்திரம்.

வாடிய இலை இரண்டு காரணத்தால் வரும், இரண்டும் முதல் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். தண்ணீர் போதாத இலை நீளவாக்கில் உள்மடங்கி, மொறமொறப்பாக இருக்கும். வேரழுகிய செடியின் இலை மஞ்சளாகித் தொட்டாலே உதிரும், தளிர்முனை கறுக்கும், மண்ணில் சாக்கடை வாடை வரும். சந்தேகம் வந்தால் ஊதுவத்திக் குச்சியைக் கேளுங்கள். ஈரமண்ணில் வாடிய செடிக்கு மேலும் தண்ணீர் ஊற்றுவது கொலை.

அழுகல்தான் என்றால் மழை என்றும் மாதம் என்றும் பார்க்காமல் செடியை வெளியே எடுங்கள். கறுத்துக் கொழகொழத்த வேரையெல்லாம் வெள்ளை தெரியும் வரை வெட்டி, கழுவி, மட்கு துளியும் இல்லாத வெறும் குறுமணலில், சின்ன மண்தொட்டியில் நட்டு நிழலில் வையுங்கள். மேலே ஓட்டைபோட்ட பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து மூடுங்கள். நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள்; அடியில் பச்சை இருக்கும் வரை நம்பிக்கை உண்டு.

பூச்சிகளில் மாவுப்பூச்சியும் செதில்பூச்சியும்தான் தொல்லை. எறும்பு தண்டில் ஏறி இறங்கினால் மேலே அவை இருக்கின்றன என்று பொருள். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கரைய இரண்டு மில்லி சோப்புக் கரைசல், சூரியன் இறங்கிய பின் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். ஏழு நாள் கழித்து மறுமுறை. வெயில் நேரத்தில் தெளித்தால் எண்ணெய் இலையைப் பொசுக்கும். ஏப்ரலில் இலை மங்கிப் புள்ளிபுள்ளியாகத் தெரிந்தால் சிலந்திப்பேன்; வெறும் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும்.

தட்டுக்கு மாற்றுவது

நான்காம் அல்லது ஐந்தாம் ஆண்டுத் தையில், கிளைகள் நின்ற இடத்தில் நிற்கத் தொடங்கிய பிறகு, போன்சாய்த் தட்டு. ஆழம் அடிமரத்தின் தடிமனில் ஒன்றரை மடங்கு, அகலம் மர உயரத்தில் மூன்றில் இரண்டு. சென்னைக்கு இன்னும் ஒரு சென்டிமீட்டர் ஆழம் கூட்டிக்கொள்ளலாம். கண்காட்சி நடுவர்கள் முகம் சுளித்தாலும் மே மாதம் உங்கள் பக்கம் நிற்கும். உள்ளே மெருகு பூசாத தட்டாக இருக்கட்டும். ஒரே தடவையில் பாதிக்குமேல் வேரை எடுக்காதீர்கள். அதன்பின் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மண் மாற்றினால் போதும்.

பழைய வெட்டுவாய் பெரிதாக நின்றால் மறைக்கப் பாடுபட வேண்டாம். ஆலிவ் மரக்கட்டை கெட்டியானது. காய்ந்த பகுதியைக் கூரிய உளியால் நாரோட்டம் போகிற போக்கில் குடைந்து விட்டால் வயது கூடித் தெரியும். அந்த இடத்தில் கந்தகச் சுண்ணாம்புக் கரைசலைத் தூரிகையால் பூசுங்கள். பூசிய அன்று அழுகிய முட்டை நாற்றம் வீடெங்கும் வரும், ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி வருகிற நாளில் செய்யாதீர்கள். மழைக்கு முன் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை பூசினால் கறையானும் பூஞ்சையும் அண்டாது. உயிருள்ள பட்டையிலும் வேர்மண்ணிலும் சொட்டாமல் துணி சுற்றிக்கொள்ளுங்கள்.

மண்மேல் பச்சைப்பாசி பதிப்பது அழகுதான். ஜனவரியில் பதித்து, செப்டம்பரில் உரித்து எடுத்துவிடுங்கள். மழையில் பாசி ஈரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும், அடிமரத்தைச் சுற்றியுள்ள பட்டை அதன் மறைவில் ஊறி அழுகும்.